நடு அறையில் நிற்கும் பீரோ

கோபக்காரருக்கு,

உங்கள் அக்கா வீட்டில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாகத்தான் இருப்பீர்கள். இங்கே எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

இன்று ஒன்பதாம் வகுப்புக்கு விசைப் பாடம். இரண்டு மாணவிகளை எதிரெதிரே நிற்கவைத்து என் மேசையைத் தள்ளச் சொன்னேன். சம விசை, மேசை அசையவில்லை. "இப்ப ஒருத்தி விலகிக்கோ. மேசை எப்படி ஓடுது பாருங்க" என்று பெருமையாக அறிவித்தேன். ஒருத்தி விலகினாள். மற்றவள் முக்கி முக்கித் தள்ளியும் மேசை நகரவே இல்லை.

"எதிர்ல ஆளே இல்லையே மிஸ், இன்னும் எது தடுக்குது?"

வகுப்பே சிரித்தது. உராய்வை மறந்துவிட்டேன்! தரையும் பிடித்துக்கொள்ளும் என்று அசடு வழியச் சமாளித்தேன். பாடம் நடத்துகிறவளுக்குப் புத்தி எங்கே இருக்கிறது என்று உங்களுக்கா தெரியாது?

வீட்டுக்கு வந்ததும் அந்த ஆத்திரத்தில் பீரோவைத் தள்ளினேன். ஜன்னலோரம் என்று நானும் கதவோரம் என்று நீங்களும் ஆளுக்கொரு பக்கம் தள்ளி, நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பக் காரணமான அதே பீரோதான். நீங்கள் இல்லாவிட்டால் ஒரே தள்ளில் போய்விடும் என்றுதான் இருந்தேன். இம்மியும் நகரவில்லை.

கதவோரமே இருந்து தொலையட்டும். வாருங்கள், ஒரே பக்கம் நின்று தள்ளுவோம்.

இப்படிக்கு,
எதிர்ப்பக்கம் நின்றவள்