பேனலுக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜைக்கு மறுநாள், இரவு.

இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. மாநகராட்சிக் கட்டட மாடியில் என் பொறுப்பில் இருக்கும் சோலார் பேனல்கள் காலையிலிருந்து பாதிக் கரண்ட்தான் கொடுத்தன. வெயிலோ சுள்ளென்று அடித்தது. "இன்வெர்ட்டர் போச்சு. நீ ஒழுங்கா பாத்துக்கலம்மா" என்று இன்ஜினியர் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். நானா பார்த்துக்கொள்ளவில்லை?

எரிச்சலோடு மாடி ஏறினேன். ஒவ்வொரு பேனலிலும் பட்டை பட்டையாக விபூதி, உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். பேனல் கழுவும் முனிரத்னம்மா அக்கா நேற்றைய பூஜையில் ஒன்றைக்கூட விடவில்லை. கண்ணாடியை இப்படி மறைத்தால் கரண்ட் எங்கிருந்து வரும்?

நான் ஈரத்துணியை எடுத்ததும், பின்னாலேயே மாடி ஏறி வந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல நாளும் அதுவுமா பொட்டு அழிக்கறதா? வேணாம்மா."

"அழிக்க வேணாங்க்கா. மொதல்ல ஓரத்து அலுமினியச் சட்டத்துல வெச்சிடுங்க. அப்புறம் கண்ணாடிய தொடச்சுக்கலாம்."

அவர் வைத்துக்கொண்டே போக, நான் பின்னாலேயே துடைத்துக்கொண்டு போனேன். கீழே வந்து பார்த்தால் மீட்டர் பழையபடி ஏறி நின்றது!

புது இன்வெர்ட்டருக்கு பெங்களூருக்குப் போன் போட்டு விலை விசாரித்துவிட்டு வந்த இன்ஜினியர் மீட்டரையே பார்த்தார். "என்ன பார்ட் மாத்தின?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "பொட்டுதான் சார், எடம் மாத்தினோம்."