நிற்கச் சொன்னது நான்தான்

என் ஆசை மச்சான்,

நீங்கள் போய் நாற்பது நாளாகிறது. அபுதாபி முசஃபா கேம்ப்பில் உங்கள் கட்டிலுக்கு இன்னும் ஆள் வரவில்லை. வந்தால் எப்படித் தாங்குவேனோ தெரியவில்லை.

நேற்றும் அக்கா போனில் அழுதாள். "கான் பாய் படிச்சுப் படிச்சுச் சொன்னாராமே, அந்த மனுசன் ஏன்டா நடுவுல நின்னாரு? என்னையும் பிள்ளையையும் நெனைக்கவே இல்லையா?" என்று கேட்டாள். "போன் கார்டு முடியுதுக்கா" என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன்.

நம் ராமநாதபுரத்தில் ஏறி நிற்க ஒரு குன்று உண்டா? மலையைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? கல் லாரி ஓட்டும் கான் பாய்க்குத் தெரியும், பாகிஸ்தானில் பனிமலை அடியில் பிறந்தவர். அந்த வெள்ளிக்கிழமை ராசல் கைமா மலையில், சரளைக்கல் சரிவுக்கு முன்னால் நம்மை நிறுத்திவிட்டார். முந்தின நாள் மழையில் கல்லெல்லாம் பிடிப்பு விட்டிருக்கும், எங்கள் ஊரில் பனி சரிவதும் இப்படித்தான் என்றார். ஒருவர் கடந்து முடித்த பிறகுதான் அடுத்தவர் போக வேண்டும், மற்றவர்கள் மேலேயே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். "பீச் மே ருக்னா நஹி, பாய்!" என்று இரண்டு தடவை சொன்னார். நான் எடுத்துக் கொடுத்த விசாவில் வந்து எட்டே மாதம், உங்களுக்கு ஏது இந்தி? நடுவில் நிற்கக் கூடாதாம் என்று நான்தான் தமிழில் சொன்னேன்.

அவர் முதலில் கடந்தார். அடுத்து நீங்கள் பாதிச் சரிவு வரை போயிருந்தீர்கள்.

ஊருக்கு அனுப்பும் போட்டோவில் நாம் யாராவது டியூட்டி உடுப்போடு நின்றிருக்கிறோமா? எவனுடைய காரிலாவது சாய்ந்துகொண்டு நிற்போம். அக்காவுக்கு ஒரு மலையை அனுப்பலாமே என்று என் பாழாய்ப்போன புத்திக்குத் தோன்றியது. "மச்சான், அப்படியே நில்லுங்க. தொப்பியக் கழட்டுங்க" என்றேன். கழற்றினீர்கள். மேலே பார்க்க வேண்டிய கண்ணை நான் கேமராவில் வைத்திருந்தேன்.

"பாகோ! பாகோ!" என்று ஓடச் சொல்லிக் கான் பாய் கத்தினார். நீங்கள் ஓடுவதற்குள் கற்கள் வந்துவிட்டன. வெறும் கையால் தோண்டினோம், மச்சான். நகம் பிய்ந்ததுகூடத் தெரியவில்லை.

கேட்டவர்களிடமெல்லாம் அவராகத்தான் நின்றார் என்று சொன்னேன். கான் பாய்க்கு உண்மை தெரியும். அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

படத்தைக் கழுவி வாங்கிவிட்டேன். சிரிக்கிறீர்கள். நேராக என்னைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். யார் பார்த்தாலும் கேட்பார்களே, எதிரே நின்றது யார் என்று! அதனால்தான் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

ஏன் மச்சான், "போடா, வேலையப் பாத்துக்கிட்டு" என்று அன்றைக்கு ஒரு வார்த்தை என்னைத் திட்டியிருக்கக் கூடாதா?

லீவு கிடைத்துவிட்டது. படத்தை அக்கா கையில் கொடுத்து, நிற்கச் சொன்னது நான்தான் என்று சொல்வேன். அவள் என்னை வாசலோடு துரத்தினாலும் சரி, உங்களை இனி ஒரு சொல் திட்ட விடமாட்டேன். இது சத்தியம்.

அதைச் சொல்லும்வரை அவளுக்குத் தம்பி,
எப்போதும் உங்கள் மச்சினன்,
செல்வம்