முகம் பேசாத நாட்கள்

ஜூன் 3, திங்கள்

காலையில் வாய் கொப்பளித்தால் தண்ணீர் வலது ஓரமாக வழிந்து சட்டையெல்லாம் ஈரம். என் வீட்டுக்காரர் அபிசாய் பார்த்துச் சிரித்தார். "விடிஞ்சதும் என்ன கோணங்கித்தனம், லைசானி?"

கண்ணாடியைப் பார்த்தேன். வலது பாதி முகம் தொங்கிக் கிடந்தது, வேறு யாருடையதோ போல. அவர் சிரிப்பும் பாதியில் நின்றுபோனது.

பக்கவாதம் இல்லையாம். முக நரம்பு வீங்கியிருக்கிறது, அநேகமாகச் சரியாகிவிடும், சில வாரம் ஆகலாம் என்றாள் ஆஸ்பத்திரி நர்ஸ். மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து. உயிருக்கு ஒன்றுமில்லை. அது போதும்.

ஜூன் 6, வியாழன்

பள்ளிக்கூடம் போனேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் கோபமாக இருக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள், பாவம்.

"டீச்சர், வெளிய போகவா?" என்றாள் சேரா. வழக்கம்போல் புருவத்தைத் தூக்கினேன். ஒன்றுதான் எழும்பியது. அது ஆமாமா, இல்லையா? குழந்தை குழம்பிப்போய் நின்ற இடத்திலேயே பாவாடையை நனைத்துவிட்டாள். தூக்கிக்கொண்டு ஓடினேன்.

இந்தத் தீவில் இரண்டு புருவமும் எழும்பினால் ஆமாம்; அதை யார் வாயால் சொல்கிறார்கள்?

ஜூன் 7

நாள் முழுக்க வாயால் "ஆமாம்" சொன்னேன். தொண்டை வலிக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

சர்ச் முடிந்து வந்ததும் தேங்காய்ப் பாலில் மீன் வேகவைத்து, சேப்பங்கிழங்கும் அவித்திருந்தார் அபிசாய். சாப்பிடும்போது என்னையே பார்த்தார்.

"கோவமா?"

"இல்லங்க. மீன் ரொம்ப நல்லாருக்கு. நீங்க சமைச்சுப் போட்டது எனக்குச் சந்தோஷமா இருக்கு."

அவர் கை தட்டிலேயே நின்றது. "பதினாலு வருஷத்துல நீ இப்படிச் சொல்லிக் கேட்டதே இல்ல."

"மூஞ்சில தெரியலையா?"

"தெரியும்னுதான் நெனச்சுக்குவேன்."

இன்னொரு துண்டு மீனை என் தட்டில் வைத்தார்.

ஜூன் 15, சனி

இதை இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

அபிசாயின் அக்கா வசிதி வந்தாள். மூன்று வீடு தள்ளி இருக்கிறாள். என்னோடு பேசி இரண்டு வருடம். ஏன் என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்டதில்லை. வாசலில் ஒரு கூடை பப்பாளியோடு நின்றாள். ஆசையாகச் சிரித்தேன். இடது உதடு மட்டும் மேலே போனது.

கூடையைக் கீழே வைத்தாள். "இவ்வளவு ஆகியும் அந்த நக்கல் போகலையா உனக்கு?" என்று திரும்பி நடந்தாள்.

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். "அக்கா, நில்லுங்க! இது நக்கல் இல்ல. பாதி மூஞ்சி செத்துக் கெடக்கு. நீங்க வந்ததுல எனக்கு அழுகையே வருது. மூஞ்சியப் பாக்காதீங்க, நான் சொல்றதக் கேளுங்க!"

நின்றாள். என் பக்கம் திரும்பினாள். "சர்ச்ல நான் தனியாப் பாடினப்ப குரல் ஒடஞ்சுதே... நீ சிரிச்ச."

சிரித்தேன்தான். "பயப்படாம பாடுங்கன்னு சிரிச்சேன்க்கா."

"அத அன்னிக்கே வந்து சொல்றதுக்கென்ன?"

என்ன கேடு எனக்கு? சொல்லியிருக்கலாம். அவள் முகத்தை இறுக்கிக்கொண்டு போனபோதெல்லாம், என்னைப் பிடிக்கவில்லை என்று நானும்தானே நினைத்துக்கொண்டேன். இரண்டு வருஷம்!

வீட்டுக்குத் திரும்பி வந்து பப்பாளியை அவளே நறுக்கினாள். என் வாயோரம் வழிந்த சாற்றைத் தன் இடுப்பில் சுற்றியிருந்த சுலுத் துணியின் ஓரத்தால் துடைத்துவிட்டாள்.

ஜூலை 12

வலது புருவம் அசைந்தது. கொஞ்சூண்டு. அபிசாயிடம் சொன்னேன் — வாயால்.

ஆகஸ்ட் 3, சனி

மருந்து போதும், முகம் பழையபடி ஆகிவிட்டது என்றாள் நர்ஸ். நேரே வசிதி அக்கா வீட்டுக்குப் போனேன். கொல்லையில் குனிந்து மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, என் முகம் இப்ப எப்படியிருக்கு?"

"ஏன், நல்லாத்தானே இருக்கு?" என்றாள். நிமிரவே இல்லை. "உன் ஸ்கூல் ஹெட்மாஸ்டர் கதையப் பாதியில விட்டுட்டியே நேத்து. மிச்சத்தச் சொல்லு."

சொன்னேன்.