மோட்டார் நின்றது தெரியவில்லை

நைனார்பாளையம்,
வியாழன் இரவு.

அன்புள்ள மாமாவுக்கு,

தனுஷா வணக்கத்துடன் எழுதுவது. இந்நேரத்துக்கு உட்கார்ந்து எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள், மன்னித்துவிடுங்கள். நேரத்தோடு படு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே என்று ஒவ்வொரு போனிலும் சொல்வீர்கள். பகலில் பேனாவை எடுத்தால் பாப்பா பிடுங்கிக்கொள்கிறாள். அத்தை என்ன எழுதுகிறாய் என்று கேட்க மாட்டார்கள், ஆனால் அந்தப் பக்கமாகவே நாலு தரம் போய் வருவார்கள். இரண்டு பேரும் இப்போதுதான் தூங்கினார்கள்.

இங்கு எல்லோரும் நலம். தமிழ்மொழிக்குச் சளி விட்டுவிட்டது. யார் எதைச் சொன்னாலும் அப்படியே திருப்பிச் சொல்கிறாள், பால்காரர் மணி அடிப்பதைக்கூட. மக்காச்சோளம் என் தலைக்கு மேல் போய்விட்டது. புழு விழுந்ததற்கு மருந்து அடித்தாயிற்று. பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. அதற்கு நீங்கள் வந்துதான் பேர் வைக்க வேண்டும் என்று அத்தை பேர் வைக்காமலே வைத்திருக்கிறார்கள்.

கார்த்திகை தீபத்துக்கு முந்தின ஞாயிறு பேசினீர்கள். மேலே போகிறோம், அங்கே டவர் கிடையாது, தோது கிடைத்தால் ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு நிமிஷம் பேசவிடுவார்கள் என்றீர்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போனைச் சார்ஜில் போட்டபடியே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாள் டிவியில் பனிச்சரிவு என்று சொன்னார்கள். இடம் எது என்று கேட்பதற்குள் கரண்ட் போய்விட்டது. பிறகு எந்தச் சேனலிலும் அதைக் காட்டவில்லை. காட்டவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்றுதானே அர்த்தம். அத்தையிடம் நான் அதைச் சொல்லவில்லை. அவர்களும் அன்றைக்கு டிவி பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயம்.

கல்லூரியில் எனக்கு இரண்டு வருஷம் மூத்தவர் தேவிப்ரியா அக்கா, நம் கல்யாணத்துக்கு வந்திருந்தார்களே, மேடையில் உங்களைப் பாடச் சொல்லி வம்பு செய்தவர்கள். இப்போது தமிழ் ஆசிரியையாக இருந்துகொண்டு லீவு நாட்களில் ஒரு நாடகக் குழு நடத்துகிறார்கள். செங்கமலத்தாள் நாடகத்தைத் திரும்ப மேடையேற்றப் போகிறார்கள். திருக்கோவிலூர்ப் பக்கம் அந்தக் காலத்தில் விடிய விடிய நடந்த நாடகம். பேச்சு கொஞ்சம்தான், தொடக்கம் முதல் கடைசி வரை பாட்டு. கல்வராயன் மலையில் தேனெடுக்கப் போன புருஷன் பாறையிலிருந்து விழுந்து இறந்துபோவான். செங்கமலம் அவன் தலையை மடியில் வைத்துப் பாடுவாள். அந்தப் பாட்டைக் கேட்டு அவன் எழுந்துவிடுவான். அவ்வளவுதான் கதை. முதல் மேடை மே மாதம் மலைமேல் வெள்ளிமலையில்.

செங்கமலத்துக்கு ஆள் எடுப்பது தை கடைசியில், கள்ளக்குறிச்சியில். வருகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு பாட்டைப் பாட வேண்டும். அதை வைத்துத்தான் முடிவு. உங்களிடம் கேட்காமல் பேர் கொடுத்துவிட்டேன். போன் வந்தால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகு நான் வாயைத் திறந்து பாடியதே இல்லை, உங்களுக்குத் தெரியும். யாரும் தடுக்கவில்லை. மாடு, பாப்பா, வயல் என்று அது பாட்டுக்கு நின்றுபோனது. இந்த வேடம் எனக்கு வேண்டும் மாமா. இதை உங்களைத் தவிர வேறு யாரிடமும் இப்படிச் சொல்ல முடியாது.

எந்தப் பாட்டு என்பதில்தான் எல்லாக் கஷ்டமும். முதலில், புருஷனை மலைக்கு அனுப்பிவைக்கும்போது செங்கமலம் கேலி செய்து பாடுவாளே, அதை எடுத்தேன். போனில் பாடிக் காட்டினேன். நன்றாக இருக்கிறது, அதையேதான் மீதிப் பேரும் பாடப்போகிறார்கள் என்றார்கள் அக்கா. பாப்பாவைத் தூங்கவைக்கும் தாலாட்டைப் பாடினேன். கேட்டால் எனக்கே தூக்கம் வருகிறது என்றார்கள். சிரிக்கிற பாட்டை வைத்துச் செங்கமலத்தை எடுக்க முடியாது, செத்தவன் எழுந்திருக்கிற மாதிரி ஒன்று பாடு, புத்தகத்தில் இருப்பதுதான் வேண்டும் என்றில்லை, உன் ஊரில் கேட்டது எதுவாக இருந்தாலும் சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள்.

அப்படி நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மாமனார் இறந்த அன்றைக்கு அத்தை சொன்ன ஒப்பாரி. மோட்டார் கொட்டகை வாசலில் விழுந்து கிடந்தவரைத் தூக்கிவந்து போட்டதும், மடையில் தண்ணீர் வந்துவிட்டது, மடை திறக்கப் போனவர் வரவில்லையே என்று ஆரம்பித்தார்கள். நீங்கள் மறுநாள்தான் வந்து சேர்ந்தீர்கள், அந்த முதல் பாட்டைக் கேட்கவில்லை. இரண்டு வருஷம் ஆகியும் எனக்கு ஒரு வரி மறக்கவில்லை. அதை இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன். இது உங்களுக்கு எழுதும் கடிதம்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாவு விழாத வீட்டில் ஒப்பாரி எடுக்கக் கூடாது, அதுவும் தாலி கட்டிக்கொண்டவள். ஒருத்தி தன் ஆளுக்குச் சொன்னதை இன்னொருத்தி எடுக்கவும் கூடாது. அதனால்தான் வீட்டில் பாடாமல் வயலுக்குப் போனேன். மோட்டார் ஓடினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது, சுற்றிலும் ஆள் உயரச் சோளம் வேறு. தண்ணீர் பாய்ச்சும் சாக்கில் போய்க் கொட்டகைச் சுவரில் சாய்ந்துகொண்டு பாடுவேன். தொட்டியில் தண்ணீர் விழும் சத்தத்தில் எனக்கே என் குரல் பாதிதான் கேட்கும்.

திங்கட்கிழமை அப்படித்தான் பாடிக்கொண்டிருந்தேன். நடுவில் கரண்ட் போயிருக்கிறது. மோட்டார் நின்றது எனக்குத் தெரியவே இல்லை மாமா. கண்ணை மூடியிருந்தேன். எவ்வளவு நேரம் வெறுங்குரலில் பாடினேனோ. கண்ணைத் திறந்தபோது சோளத்தை விலக்கிக்கொண்டு இருசம்மாள் மாரில் அடித்தபடி வருகிறாள், பின்னால் இன்னும் மூன்று பேர், கையில் களைக்கொத்தோடு. பக்கத்து மரவள்ளிக் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்தவர்கள். பாட்டு ரங்கம்மாள் பாட்டு, அழுகிறவள் ரங்கம்மாள் மருமகள், மகன் பட்டாளத்தில். அவர்களுக்கு வேறு எதுவும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு நாலு பேரும் அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

நாடகத்துக்குப் பழகுகிறேன் என்று நாலு தரம் சொல்லித்தான் புரியவைத்தேன். புரிந்ததும் இருசம்மாள் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"நாடகமா? நான் அடிச்சிக்கினனே மாரு, அது நாடகமா? களைய வுட்டுட்டு ஓடியாந்ததுக்கு ஒரு டீத்தண்ணியாவது வையி, நாடக ராணி" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதற்குள் அவர்களோடு இருந்த ஐந்தாவது பெண் நம் வீட்டுக்கு ஓடிவிட்டாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அத்தை பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டே வந்தார்கள். செருப்பு இல்லை. வாய்க்காலில் விழுந்து எழுந்திருக்கிறார்கள், முட்டி பெயர்ந்து ரத்தம், பாப்பாவுக்கு ஒரு கீறல் இல்லை. அழவில்லை. நான்தான் முந்திக்கொண்டு, ஒன்றும் இல்லை அத்தை, போன் எதுவும் வரவில்லை, நாடகப் பாட்டு, கதையில் அவன் கடைசியில் எழுந்து வந்துவிடுவான் என்று என்னென்னவோ சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டார்கள்.

"நாடகத்துல எழுந்துகினு வருவான்" என்றார்கள். அப்புறம், "எம் புருசனுக்கு நான் சொன்னத எடுத்து, எம் புள்ளைக்குச் சொல்லிட்டியேடி."

நான் செங்கமலத்தின் புருஷனுக்குத்தான் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கண்ணை மூடிப் பாடும்போது என் மடியில் யார் தலை இருந்தது என்று எனக்குத் தெரியும் அல்லவா. அதனால்தானே அந்தக் குரல் வந்தது.

அன்றிலிருந்து அத்தை என்னோடு பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறார்கள், முகத்தைப் பார்ப்பதில்லை. முட்டிக்கு மருந்து போடப் போனால் காலை இழுத்துக்கொள்கிறார்கள். ஊரில் பாதிப் பேர் சிரிக்கிறார்கள், மீதிப் பேர் உங்களைப் பற்றி இரண்டு தரம் விசாரிக்கிறார்கள்.

நான் கணக்குப் படித்தவள். ஒரு பாட்டுக்கும் அத்தனை தூரத்தில் விழும் பனிக்கும் சம்பந்தம் இல்லை என்று யாருக்கும் எழுதிக் காட்டுவேன். இருந்தாலும், நான் முதல் தடவை அந்தப் பாட்டைப் பாடியது நீங்கள் கடைசியாகப் பேசியதற்கு முன்னா பின்னா என்று காலண்டரை வைத்துக்கொண்டு பார்த்தேன். பின்னால்தான். அந்த வாரமேதான். இதை எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது.

தேவிப்ரியா அக்காவிடம் சொன்னதற்கு, வார்த்தைகளை மாற்றிவிட்டு மெட்டை மட்டும் வைத்துக்கொள் என்றார்கள். மாற்றிப் பார்த்தேன். மடை, தண்ணீர், சோளம் எல்லாம் எடுத்துவிட்டுத் தேனும் பாறையும் போட்டால் பாட்டு சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் மோட்டார் நின்றால் எனக்குத் தெரிந்துவிடும். வேண்டாம் என்று பேரை எடுத்துவிடலாம் என்று இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். எடுக்கவும் மனம் வரவில்லை.

இன்றைக்குச் சாயங்காலம் பாப்பா பொம்மையைக் குளிப்பாட்டிக்கொண்டே அந்தப் பாட்டை முணுமுணுத்தாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, முன்பு என்னோடு கொட்டகைக்கு வந்தபோது பிடித்துக்கொண்டாளோ என்னவோ. அத்தை ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினார்கள். அவள் பயந்து அழுதாள். அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு அத்தையும் அழுதார்கள். திங்கட்கிழமை அழாத அழுகை எல்லாம் சேர்த்து. நான் அடுப்படி வாசலில் நின்றேன், பக்கத்தில் போகத் தைரியம் இல்லை.

பாப்பா அடங்கிய பிறகு, என்னைப் பார்க்காமல், ஆனால் என்னிடம்தான், பேசினார்கள். பாட்டு என்றைக்கு என்று கேட்டார்கள். தை கடைசி என்றேன்.

"அவனுக்கு எழுது. போனு வோணாம், போன்ல எவன் வேணா பேசுவான். அவன் கையால கடுதாசி வரட்டும். அவன் எழுத்த நான் பாத்துட்டன்னா, நீ என் பாட்டத்தான் பாடு, இன்னா இருந்தாலும் பாடு. வர்லன்னா வாயத் தொறக்காத."

எழுந்துபோய்ப் படுத்துவிட்டார்கள். அத்தைக்கு உங்கள் எழுத்தைப் படிக்கத் தெரியாது, பார்த்தால் தெரியும். ழ-வுக்குக் கீழே நீங்கள் சுழித்துவிடும் வாலை விரலால் தடவிப் பார்ப்பார்கள்.

ஆகவே மாமா, எந்தப் பாட்டு என்பதை நீங்களே சொல்லுங்கள். அந்தப் பாட்டு வேண்டாம், மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்றால் கேலிப் பாட்டையே பாடிவிட்டு வருகிறேன், கிடைக்காவிட்டால் போகிறது. நாடகமே வேண்டாம் என்றாலும் சரி. திட்டி எழுதினாலும் சரி. கேட்காமல் பேர் கொடுத்ததற்கு ஒரு பக்கம் முழுக்கத் திட்டுங்கள், அத்தைக்கு அதைப் பாராட்டு என்று படித்துக் காட்டிக்கொள்கிறேன். வேறொருவர் கையால் மட்டும் எழுதச் சொல்லாதீர்கள். கை விறைத்து எழுத்து கோணலாக வந்தால் வரட்டும், அப்படியே அனுப்புங்கள்.

உள்ளே ஓர் இன்லேண்டு லெட்டர் வைத்திருக்கிறேன், நம் விலாசம் எழுதி. காலில் இரண்டு சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கூட இருப்பவர்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும் என்று கொளஞ்சியப்பருக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள்,
தனுஷா