புருவக் கதையை யார் சொல்வது

பாரி நகரம்,
செப்டம்பர் கடைசி ஞாயிறு

அன்புள்ள ஜெமால் அண்ணனுக்கு,

தங்கை எத்தேரி எழுதுகிறேன். இங்கே நான் சுகமாகத்தான் இருக்கிறேன். படி ஏறும்போது முட்டி மட்டும் கொஞ்சம் சண்டை போடுகிறது. நான் பார்த்துக்கொள்கிற வீட்டுக்காரக் கிழவி சினோரா ரொசெத்தா மதியச் சாப்பாடு முடிந்து தூங்குகிறார். அவர் எழுந்து காப்பி கேட்பதற்குள் இதை எழுதி முடித்துவிட வேண்டும். அங்கே நீங்களும், பிள்ளைகளும், திராட்சைத் தோட்டமும், உங்கள் ரத்த அழுத்தமும் ஒழுங்காக இருக்கக் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும்.

தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் நீங்கள் உடனே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள். நான் ஒரு வார்த்தை சொன்னால் அடுப்படியிலிருந்து உங்கள் வீட்டம்மா இரண்டு வார்த்தை சொல்கிறாள். போன வாரம் என் மகனைப் பற்றி நான் உங்களிடம் கேட்டேன். "கெலாவா? அவன் இப்பதான் தூங்கி எழுந்தான், ராத்திரி நாலு முட்டை சாப்பிட்டான்" என்று பதில் வந்தது லமாராவிடமிருந்து. அவன் எத்தனை முட்டை சாப்பிட்டான் என்பதுகூட அவள் வாயால்தான் எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. ஆகவே இது உங்களுக்கு மட்டும். பார்சல் வேன் ஓட்டும் இராக்லியிடம், அண்ணன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். மது வைத்திருக்கும் நிலவறைக்குப் போய்த் தனியாகப் படியுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். கெலாவின் கல்யாண விருந்துக்கு நீங்கள்தான் தமதா, வாழ்த்துச் சொல்லி நடத்தும் விருந்துத் தலைவர். தாய்மாமன் நீங்கள் இருக்கும்போது வேறு எவன் அந்த நாற்காலியில் உட்கார முடியும்? நீங்கள் எழுந்து வாழ்த்துச் சொன்னால்தான் கூடாரத்தில் இருக்கிற அத்தனை பேரும் கோப்பையைத் தூக்குவார்கள். கடவுளுக்கு, நாட்டுக்கு, மணமக்களுக்கு என்று வரிசையாகச் சொல்லிவிட்டுப் பெற்றோருக்கு வருவீர்கள். கெலாவின் அப்பா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. மிச்சம் இருப்பது நான். அந்த வாழ்த்தில் கொஞ்சம் சிரிப்பைச் சேருங்கள் அண்ணா. உங்களிடம் இதுவரை நான் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

ஏன் கேட்கிறேன் என்பது உங்களுக்கே தெரியும். நிச்சயதார்த்த விருந்தில் என்ன செய்தீர்கள்? என்னைப் பார்ப்பதற்காக மதுக் கூஜாவில் சாய்த்து வைத்திருந்த போன் பாதியிலேயே அணைந்துவிட்டது. நான் உயிரோடு இருப்பதற்கு அந்த மேசையில் இருந்த ஒரே சாட்சி அதுதான். அதற்குப் பிறகுதான் நீங்கள் எழுந்து, குரல் தழுதழுக்க, என் தங்கை, ஒன்பது வயதுப் பிள்ளையைப் பிரிந்து போனவள், தன்னையே உருக்கிக்கொண்டவள், அந்நிய மண்ணில் கிடப்பவள் என்று ஆரம்பித்தீர்கள். மண்ணில் கிடப்பவள் என்றதும் பெண் வீட்டு மாமா ஷல்வா என்னைப் புதைத்தேவிட்டார். இறந்தவர்களுக்குச் செய்வது போல ரொட்டித் துண்டில் மதுவைச் சொட்டவிட்டு, அவள் ஆத்மா சாந்தியடையட்டும் என்று சொல்லிக் குடித்தார். அந்த வரிசை முழுவதும் அவரைப் பார்த்து அப்படியே செய்தது. நீங்களோ கண்ணை மூடிக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தீர்களாம்.

இதை எனக்குச் சொன்னதும் லமாராதான். மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே சொன்னாள். பெண்ணின் அம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "அவங்க தவறி எவ்ளோ நாளாச்சு, பாவம்" என்று விசாரித்தாளாம். நானும் சிரித்தேன். ஆனால் அந்த அம்மாள் அதோடு நிறுத்தவில்லை. "பரவால்ல, நீங்கதான் பெத்த தாயா நின்னு வளர்த்திருக்கீங்களே" என்றும் சொல்லியிருக்கிறாள். அதை லமாரா என்னிடம் சொல்லவில்லை. கெலா வாய்தவறிச் சொன்னான். அன்றைக்குச் சினோராவின் சூப்பில் உப்பை அள்ளிக் கொட்டிவிட்டேன்.

அதனால் இந்தத் தடவை கண்ணீர் வேண்டாம். ஜனங்கள் அழுதால் என்னைப் புதைத்துவிடுவார்கள். சிரித்தால், எத்தேரி எங்கேயோ இருக்கிறாள், இன்னும் வாய் குறையவில்லை என்று நினைப்பார்கள். இங்கே தங்குவதற்கான அந்த அனுமதித் தாள் வந்திருந்தால் நானே வந்து நின்றிருப்பேன். அது வராமல் எல்லையைத் தாண்டினால் திரும்பி வர முடியாது. இந்த வருடம் அதற்கு வழியில்லை.

உங்களுக்குக் கதை வேண்டுமே, இரண்டு அனுப்புகிறேன். முதலாவது, கெலாவுக்கு ஐந்து வயதில் நடந்தது. அறுவடைக்கு முன்னால், மண்ணில் புதைத்த மதுத்தாழியைக் கழுவ ஆளை உள்ளே இறக்குவோம் இல்லையா? என் வீட்டுக்காரரின் தோள் தாழியின் கழுத்தில் மாட்டிக்கொண்டது. அதனால் நான் இவனைக் கயிறு கட்டி இறக்கினேன். உள்ளே பாடினால் குரல் பெரிதாகக் கேட்கிறது என்று கண்டுபிடித்துவிட்டான். வெளியே வரவே மாட்டேன் என்கிறான். அந்த நேரம் பார்த்து நிலவறையை ஆசீர்வதிக்கப் பாதிரியார் வந்தார். காலுக்கடியிலிருந்து குடிகாரப் பாட்டு கேட்டதும் மனிதர் மூன்று தடவை சிலுவை போட்டுக்கொண்டார். "எத்தேரி, கீழ யாரும்மா, உங்க மாமனாரா?" என்று கேட்டார். என் மாமனார் அப்போது இறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கடைசியில் கயிற்றில் ஒரு பாலாடைக்கட்டி ரொட்டியைக் கட்டிக் காட்டித்தான் அவனை மேலே இழுத்தேன்.

இரண்டாவது கதை அதைவிட நன்றாக எடுபடும். மீசை அரும்பும் வயதில் யாருக்கும் தெரியாமல் சவரக்கத்தியை எடுத்து ஒரு புருவத்தை வழித்துக்கொண்டு வந்து நின்றான். மறுநாள் பள்ளிக்கூடத்தில் குழுப் புகைப்படம். நான் வாதுமைக் கொட்டையை அடுப்பில் கருக்கி, அவன் தாடையைப் பிடித்துக்கொண்டு ஒரு புருவம் வரைந்துவிட்டேன். அன்றைக்கு மழை. படத்தில் பார்த்தால் புருவம் கன்னத்தில் இருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் எலேனே இவனைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள் என்று நீங்கள் ஒரு போடு போடுங்கள். கூடாரமே சிரிக்கும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. யாருக்காகக் குடிக்கிறார்களோ அவர், மற்றவர்கள் குடித்து முடித்ததும் எழுந்து நன்றி சொல்ல வேண்டும். தாய்க்கான கோப்பைக்கு லமாரா எழுந்திருக்கக் கூடாது. என் நாற்காலி காலியாக இருக்கட்டும். எனக்காக நீங்களே நன்றி சொல்லிக் குடியுங்கள். லமாரா பச்சைப் பட்டில் உடை தைத்துக்கொண்டிருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். தைக்கட்டும், போட்டுக்கொள்ளட்டும், அழகாகத்தான் இருப்பாள். நான் அனுப்பியிருக்கும் செருப்பு அவளுக்குக் கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

சினோரா கூப்பிடுகிறார். கெலாவின் நெற்றியில் எனக்காக ஒரு முத்தம் கொடுங்கள்.

உங்கள் தங்கை,
எத்தேரி


பாரி,
அக்டோபர், வேன் புறப்படும் நாள்

அன்புள்ள அண்ணனுக்கு,

இது கல்யாணத்துக்கு முன்பே உங்கள் கைக்கு வந்துவிடும் என்று இராக்லி சத்தியம் செய்திருக்கிறார். வந்ததும் படியுங்கள். முன்பு எழுதியதில் பாதியை மாற்ற வேண்டும்.

நேற்று நிலவறையிலிருந்து ஸ்பீக்கர் போடாமல் பேசினீர்கள். அதுவே எனக்குப் பெரிய விஷயம். நொதிக்கிற வாசனை, மழை, கூடாரக்காரன் செய்கிற ஏமாற்று என்று சுற்றிச் சுற்றி வந்தீர்கள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எத்தேரி, அந்தப் புருவம் விஷயம், அப்ப அவனுக்குப் பதினஞ்சு வயசும்மா. நீ இங்க இல்லையே" என்றீர்கள்.

இல்லைதான். அன்றைக்கு நான் இங்கே வேறொரு வீட்டில் படிக்கட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். கொட்டையைக் கருக்கியது லமாரா. தாடையைப் பிடித்ததும் அவள்தான். தெரிந்தேதான் எழுதினேன் அண்ணா. தாழிக் கதையை எழுதி முடித்ததும் அடுத்த கதைக்கு யோசித்தேன். அவனுக்கு ஒன்பது வயது ஆன பிறகு நடந்த கதை ஒன்றாவது என் கண்ணால் பார்த்தது இருக்கிறதா என்று தேடினேன். அவன் தப்பான கட்டடத்தில் நான்கு மாடிக்குத் துணி துவைக்கும் இயந்திரத்தைச் சுமந்துபோனது, வான்கோழிக்குப் பயந்து மரத்தில் ஏறியது, எலேனேயின் அப்பாவிடம் பெண் கேட்கப் போய்க் குதிரையின் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தது, எல்லாமே லமாரா போனில் சொன்னவை. என் பிள்ளையைப் பற்றி ஜனங்களைச் சிரிக்க வைக்க நான் அவளிடம்தான் கைநீட்ட வேண்டும். அதனால் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு, அவள் இருந்த இடத்தில் என்னை வைத்துவிட்டேன்.

அதோடு விஷயம் முடிந்ததா? நீங்கள் நிலவறையில் வாழ்த்தைச் சத்தம் போட்டுப் பழகிப் பார்த்திருக்கிறீர்கள். மேல் படியில் கிண்ணத்தோடு நின்று அவள் முழுவதையும் கேட்டிருக்கிறாள்.  அவள் இறங்கி வந்து, "அப்படியே சொல்லுங்க. எத்தேரியே வரைஞ்சதா இருக்கட்டும். எனக்கென்ன கொறஞ்சுபோச்சு, எங்கிட்ட இன்னும் எத்தனையோ இருக்கு" என்று சொல்லிவிட்டு மதுவை மொண்டுகொண்டு மேலே போய்விட்டாளாம்.

நீங்கள் இதை எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னீர்கள். ஆண்களுக்கு அவ்வளவுதான் புரியும். அவள் கோபித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நான்கு பேரிடம் சொல்லித் திட்டியிருந்தால்கூட நன்றாகத் தூங்கியிருப்பேன். எத்தனையோ இருக்கு என்று சொல்கிறாள் பாருங்கள். அது உண்மை என்பதுதான் என்னைச் சுடுகிறது. போனை வைத்த பிறகு துடைத்த தரையையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன். சினோராவே பயந்துபோய், உடம்பு சரியில்லையா என்று கேட்டார். பொறாமை என்று சொன்னேன். யார்மேல் என்று கேட்டார். ஒரு நல்ல பொம்பளைமேல் என்றேன். அதற்கு மருந்து கிடையாது என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிட்டார்.

அண்ணா, நான் அந்தக் கூடாரத்தை நினைத்துப் பார்த்தேன். நீங்கள் எழுந்து, கெலாவின் அம்மா எத்தேரி அவனுக்குப் புருவம் வரைந்தாள் என்று சொல்கிறீர்கள். எல்லோரும் சிரிக்கிறார்கள். கெலாவும் சிரிக்கிறான். சிரிக்கும்போது அவன் யாரைத் திரும்பிப் பார்ப்பான்? அவன் தாடையை யார் பிடித்தார்கள் என்று அவனுக்குத் தெரியும். அந்தக் கண் நேராக அவளிடம்தான் போகும். பொய் சொல்லி வாங்கினாலும் அந்தப் பார்வை எனக்குக் கிடைக்காது. அது கிடைக்காத பிறகு அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

ஆகவே இப்படிச் செய்யுங்கள். தாழிக் கதையை நீங்கள் சொல்லுங்கள். அது என் கதை. அதில் ஒரு வார்த்தை கூட்டாதீர்கள், பாதிரியாரின் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். சொல்லி முடித்ததும் அலாவெர்தி என்று கோப்பையை அவள் பக்கம் நீட்டி, மிச்ச வாழ்த்தை அவள் கையில் ஒப்படைத்துவிடுங்கள். பெண்களிடம் கொடுப்பது வழக்கமில்லை என்று எவனாவது கிழவன் முனகினால், கெலாவின் அம்மா சொல்லி அனுப்பியது என்று சொல்லுங்கள். புருவக் கதையை அண்ணியே சொல்லட்டும். நீங்கள் சொன்னால் ராஜாக்கள் காலத்திலிருந்து ஆரம்பித்துக் கெடுத்துவிடுவீர்கள். அவள் சொல்லும்போது முடிவு வருவதற்குள் அவளுக்கே சிரிப்பு வந்துவிடும், பாதிக் கதை நமக்குக் கேட்காது, ஆனாலும் வயிறு வலிக்கச் சிரிப்போம். அன்றைக்கு அதை அவள் போனில் சொன்னபோது, படிக்கட்டில் ஈரத் துணியோடு உட்கார்ந்து நானும் அப்படித்தான் சிரித்தேன். அதை அவளிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

எல்லோரும் குடித்து முடித்ததும் அவளே எழுந்து நன்றி சொல்லட்டும். முழு மனதோடு எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். முக்கால் மனதுதான். மீதிக் கால் மனது அன்றைக்கு இங்கே தனியாக ஒரு கோப்பையோடு உட்கார்ந்திருக்கும், அதை யாரும் தேற்ற வேண்டாம்.

கெலாவும் எலேனேயும் ஒரே தலையணையில் முதுமை அடையட்டும். அவர்கள் வீட்டில் ரொட்டியும் சண்டையும் சிரிப்பும் குறையாமல் இருக்கட்டும். அவர்களுக்குப் பிறக்கிற பிள்ளைகள் யாரையும் வழியனுப்பி வைக்காமல் வளரட்டும்.

தாய்க்கான கோப்பையைத் தூக்கும்போது இரண்டு பேர் பெயரையும் சொல்லுங்கள் அண்ணா. என் பெயரை முதலில் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
எத்தேரி