முதல் பத்தி

என் கோபக்காரிக்கு,

நான் நலம். வீடு அமைதியாக இருப்பதால் கதை மளமளவென்று வளர்கிறது. அக்கா வீட்டிலிருந்து நீ அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம்.

முன்பெல்லாம் அடுப்படியில் நின்றபடியே நான் எழுதியதை வாசிப்பாய். தாளெல்லாம் உன் எண்ணெய் விரல் பதிந்திருக்கும். "தொண்டையைக் கனைச்சது போதும், விஷயத்துக்கு வாங்க" என்று முதல் பத்தியைப் பென்சிலால் அடித்துவிடுவாய். நான் முறைப்பேன். ஆனால், நீ அடித்ததுதான் சரியாக இருக்கும்.

அன்று, "இனிமே என் எழுத்துல கை வைக்காதே" என்று கத்தினேன். பென்சிலை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாய். ஏழு மாதமாக எனக்கு ஒரு வரிகூட எழுத வரவில்லை. உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்த பிறகு, இன்றுதான் பேனா ஓடுகிறது.

பென்சிலையும் உறைக்குள் வைத்திருக்கிறேன். இதிலும் முதல் பத்தியை அடித்துவிடு.

இப்படிக்கு,
இனி முறைக்காதவன்