குழிநிலத்தில் ஒரு சிவப்பு இலைச் செடி

பிப்ரவரி 18
நிலம் திரும்பக் கைக்கு வந்தது. பாக்சைட் தாது தோண்டிய குழியைச் சரித்து மூடி, எங்கோ குவித்து வைத்திருந்த மேல்மண்ணைப் பரப்பிக் கொடுத்திருக்கிறார்கள். குவியலில் யார் யார் நிலத்து மண் கலந்ததோ! அப்பாவின் மண்ணும் இதில் எங்கேயாவது இருக்குமா? என் கணவர் ஆர்வில் காலால் தட்டிப் பார்த்தார். "யாம் கிழங்கு போட்டா கல்லுலதான் போய் முட்டும்." பார்க்கலாம்.

பிப்ரவரி 27
மிளகாய் முளைத்திருக்கிறது. ஒரு பூசணியும். நான் எதையும் விதைக்கவில்லை. இது யார் வீட்டுப் பூசணி?
"அதோட பூர்வீகத்தை விசாரிச்சது போதும், புல்லைப் பிடுங்கு" என்கிறார் ஆர்வில்.

மார்ச் 6
நிலத்தின் நட்டநடுவில், புதைந்து கிடந்த பழைய கட்டையிலிருந்து டிராகன் செடி துளிர்த்திருக்கிறது. சிவப்பு இலை. கல்லறைத் தலைமாட்டில் நடுகிற செடி. சுரங்கம் வந்தபோது கல்லறைகளை சர்ச் பக்கம் மாற்றினார்களே — எல்லா எலும்பும் போய்ச் சேர்ந்ததா? யார் பார்த்தது?
"எல்லைக்கும்தானே அதை நடுறோம்?" என்கிறார் இவர். நடு நிலத்தில் என்ன எல்லை!

மார்ச் 7
மண்வெட்டியைத் தொடவில்லை.

மார்ச் 15
"இந்த அமாவாசைக்கு நடலேன்னா நிலத்தை ஆடு மேய்க்கிறவனுக்கு விட்டுட்டு மண்டெவில் டவுனுக்கே போயிரலாம்" என்று சொல்லிவிட்டார் ஆர்வில். எனக்குப் போக மனமில்லை. ஆனால் கல்லறை மண்ணில் எப்படிக் கிழங்கு போடுவது?
பக்கத்து நிலத்து செல்மா அக்காவைக் கேட்கலாம். அவள் அம்மாவின் கல்லறைதான் எங்களுக்குக் கிட்டத்தில் இருந்தது. இப்போது சுரங்கக்காரர்கள் கட்டிக்கொடுத்த வீட்டில் இருக்கிறாள். எல்லைக்காக அப்பாவைக் கோர்ட்டுக்கு இழுத்தவள் — என்னோடு பேசுவாளா?

மார்ச் 17
பேசினாள்! நேரிலேயே வந்துவிட்டாள், சர்ச்சுக்குப் போகிற தொப்பியோடு. குனிந்து கட்டையைத் தடவினாள். அதைச் சுற்றியிருந்த துருப்பிடித்த வேலிக்கம்பியைப் பார்த்ததும் ஒரே சிரிப்பு.
"அடியே மெர்டெல்லா, கல்லறையாவது மண்ணாவது! உங்கப்பன் நட்ட எல்லைடி இது. என் பக்கம் ஒரு முழம் தள்ளி நட்டான்னுதானே கேஸே போட்டேன். இப்பப் பாரு, குவிச்ச மண்ணோட வந்து நடுவுல முளைச்சிருக்கு, பாதி நிலத்தை எனக்கே குடுத்துட்டான் மனுஷன்!"
சிரித்துச் சிரித்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா மண் இருக்கிறது இங்கே.
கிளம்பும்போதுதான் அவள் குரல் இறங்கியது. "என் நிலத்துல தோண்டுன குழியை இன்னும் மூடலடி. அந்த வீட்டைச் சுத்தி சிமெண்ட்டு. ஒரு கிழங்கு நட எடமில்ல."

மார்ச் 18
தூக்கமில்லை. பாதியில் அக்கா நடட்டும் என்று காலையில் ஆர்விலிடம் சொன்னேன். "உங்கப்பா எழுந்து வந்துருவாரு" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

மார்ச் 21
அமாவாசை. ஆழம் போகாமல் மேல்மண்ணையே கூட்டிக் கூட்டி மேடு போட்டோம். செடிக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் செல்மா அக்கா. மத்தியானம் அவள் போட்ட சத்தம் சாலை வரை கேட்டிருக்கும்.
"அடியே, உன் மேடு என் பக்கம் ஒரு முழம் வருது!"
தள்ளிப் போட்டுக்கொண்டேன்.